விரல் வைத்துக் காட்டு: புகைப்படக் கலைஞர்களின் படங்களை ஆராய்ந்து எழுத ஒரு முழுமையான வழிகாட்டி

தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்தாறு மாணவர்கள் கூடுவார்கள். காசிமேடு, வியாசர்பாடி, எண்ணூர் பக்கமிருந்து வருகிற விஸ்காம் (காட்சித் தொடர்பியல்) பிள்ளைகள். ஒரு நாள் ஒரு தங்கை தன் அசைன்மென்ட்டை வாசித்துக் காட்டினாள். அமெரிக்கப் புகைப்படக்காரர் டோரதியா லேங் 1936-இல் கலிபோர்னியாவில் எடுத்த, “மைக்ரன்ட் மதர்” என்று உலகமே அறிந்த ஒரு தாயின் படத்தைப் பற்றியது. “இப்புகைப்படம் வறுமையின் வலியையும் தாய்மையின் மேன்மையையும் மிக ஆழமாக வெளிப்படுத்துகிறது” என்று தொடங்கியது. படத்தின் பிரிண்ட்டை அவள் முன்னால் வைத்து, “வலி எங்க இருக்கு? விரல் வச்சுக் காட்டு” என்றேன்.

கொஞ்ச நேரம் பார்த்தாள். கன்னத்தைத் தொட்டும் தொடாமலும் நிற்கிற கையின் மேல் விரலை வைத்தாள். “இதுதான் அக்கா. யோசிக்கிற மாதிரியும் இருக்கு, பல்லு வலிக்கிற மாதிரியும் இருக்கு.” அவள் எழுதி வந்திருந்த இரண்டு பக்கத்தையும்விட இந்த ஒரு வரி நன்றாக இருந்தது. காரணம், அதைச் சொல்ல அவள் படத்தைப் பார்க்க வேண்டியிருந்தது.

புகைப்படத்தைப் பற்றி எழுதும்போது ஒவ்வொரு வாக்கியத்துக்கும் விரல் வைக்க ஓர் இடம் இருக்க வேண்டும். அந்த இடம் படத்துக்குள் இருக்கலாம், நீங்கள் தேடிப் பிடித்த ஆதாரத்தில் இருக்கலாம். இரண்டிலும் இல்லாத வாக்கியம் எவ்வளவு அழகாக இருந்தாலும் வெட்டிவிடலாம். கீழே சொல்லப்போவதெல்லாம் இந்த ஒரு பழக்கத்துக்கு வருவதற்கான வழிதான்.

நம் பகுதிப் பிள்ளைகளுக்கு இது மதிப்பெண்ணுக்கு மட்டுமான விஷயமில்லை என்பது என் எண்ணம். வடசென்னை என்று இணையத்தில் தேடினால் என்ன படங்கள் வரும் என்று நமக்குத் தெரியும். குப்பைமேடு, சாம்பல், புகைபோக்கி, முறைக்கிற முகங்கள். படம் எடுப்பவர்களைவிட எடுக்கப்படுபவர்கள் அதிகம் இருக்கிற ஊர் இது. ஒரு படம் நம்மை எப்படிக் காட்டுகிறது, எதை வெட்டிவிட்டது என்று எழுத்தில் சொல்லத் தெரிந்தவர்கள் இங்கிருந்து வர வேண்டும்.

யாரை எடுத்துக்கொள்வது

பல மாணவர்கள் முதல் அடியிலேயே தடுக்கி விழுகிறார்கள். “சல்காடோவின் படைப்புலகம்” என்று ஒரு பிரேசில் படக்காரரின் பெயரைத் தலைப்பில் வைத்து, அவருடைய ஐம்பது ஆண்டு உழைப்பை ஆறு பக்கத்தில் அடைக்கப் பார்ப்பார்கள். அப்படி எழுதினால் பிறந்த ஊர், வாங்கிய விருது, வெளியிட்ட நூல் என்று பட்டியல்தான் மிஞ்சும். ஒரு கலைஞர், அவருடைய ஒரு தொடர், அதில் நான்கைந்து படங்கள், அந்த நான்கைந்தில் ஒன்றை மட்டும் ரொம்ப நெருக்கமாக. இந்த அளவு போதும்.

உங்களுக்குப் பிடித்த படத்தைவிட உங்களை உறுத்துகிற படத்தை எடுங்கள். பிடித்த படத்தைப் பற்றி எழுதினால் பாராட்டுக் கடிதமாகிவிடும். உறுத்துகிற படம் கேள்வி கேட்க வைக்கும்.

முடிவு செய்வதற்கு முன் ஒரு மணி நேரம் செலவழித்து மூன்றைச் சரிபாருங்கள். படம் பெரிய அளவில், தெளிவாகக் கிடைக்கிறதா? கலைஞர் தன் வேலையைப் பற்றித் தானே பேசிய பேட்டியோ கட்டுரையோ இருக்கிறதா? வேறு யாராவது அந்தப் படத்தைப் பற்றி, முடிந்தால் எதிர்த்து, எழுதியிருக்கிறார்களா? மூன்றுக்கும் ஆம் என்றால் தைரியமாக இறங்கலாம்.

தூரத்தில் ஒருவர், பக்கத்தில் ஒருவர் என்று இரண்டு பேரைப் பிடிக்கச் சொல்வது என் வழக்கம். தூரத்தில் லேங், கார்த்தியே-பிரெசோன், சல்காடோ என்று யார் வேண்டுமானாலும் இருக்கலாம். பக்கத்தில் ரகு ராய் இருக்கிறார், இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரரான ஹோமாய் வியாரவாலா இருக்கிறார், தயானிதா சிங் இருக்கிறார். இன்னும் பக்கத்தில், நம் எண்ணூர்க் கழிமுகத்திலேயே வேலை செய்த எம். பழனி குமார் இருக்கிறார்.

படிப்பதற்கு முன் பார்ப்பது

கலைஞரைப் பற்றி ஒரு வரிகூடப் படிப்பதற்கு முன் படத்தை இருபது நிமிடம் பாருங்கள். படித்த பிறகு பார்த்தால், படித்ததுதான் கண்ணுக்குத் தெரியும்.

செல்போனில் வேண்டாம். ஏ4 தாளில் ஒரு நல்ல பிரிண்ட் போட்டுக்கொள்ளுங்கள். செல்போனில் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி முகத்தை மட்டும்தான் பார்ப்போம், மொத்தச் சட்டகமும் ஒரே பார்வையில் வராது. பிரிண்ட்டை மேசையில் வைத்து, நேரம் குறித்துக்கொண்டு, ஓரத்திலிருந்து தொடங்குங்கள். மேல் ஓரம், வலது ஓரம், கீழ் ஓரம், இடது ஓரம். அதற்கப்புறம் நான்கு மூலைகள். கடைசியில்தான் நடுவுக்கு வர வேண்டும். முகம் இருக்கிற படத்தில் முகம் நம்மைப் பிடித்து வைத்துக்கொள்ளும். ஓரங்களில்தான் படக்காரர் எதை விட்டார், எதை வைத்தார் என்பது தெரியும்.

கண்ணில் படுவதை எல்லாம் எண் போட்டு எழுதுங்கள். ஒரே ஒரு கட்டுப்பாடு: சோகமான, அழகான, கொடூரமான என்கிற மாதிரிச் சொற்கள் கூடாது. லேங்கின் படத்துக்கு எங்கள் மாடியில் எழுதியது இப்படி இருந்தது: நடுவில் ஒரு பெண், இடுப்புக்கு மேல். கண் கேமராவைப் பார்க்கவில்லை, சட்டகத்துக்கு வெளியே எங்கோ. நெற்றியில் கோடுகள். ஒரு கை முகத்தருகே. சட்டைக் கையின் ஓரம் நைந்திருக்கிறது. இரண்டு பக்கமும் இரண்டு குழந்தைகள், இருவரும் முகத்தைத் திருப்பிக்கொண்டு அம்மாவின் தோளில் சாய்ந்திருக்கிறார்கள். மடியில் ஒரு கைக்குழந்தை, பாதிதான் தெரிகிறது. வலது ஓரத்தில் ஒரு கம்பு.

“சோகமான கண்கள்” என்று எழுதியிருந்தால் அங்கேயே நின்றிருப்போம். “கண் கேமராவைப் பார்க்கவில்லை” என்று எழுதியதால் அடுத்த கேள்வி தானாக வந்தது: அந்தச் சட்டகத்தில் யாருமே நம்மைப் பார்க்கவில்லையே, ஏன்?

அடுத்து, இல்லாததை எழுதுங்கள். இந்தப் படத்தில் வானம் இல்லை. தரை இல்லை. சாப்பாடு இல்லை. அப்பா இல்லை. இது எந்த ஊர் என்று சொல்ல ஓர் அடையாளமும் இல்லை. அந்தக் கடைசி வரியை ஒரு வட்டம் போட்டு வைத்துக்கொண்டோம். பிறகு அது பெரிய உதவியாக இருந்தது.

எப்படி எடுத்தார் என்பதைப் படத்தையே கேட்பது

எஃப் 2.8, 1/500 என்று கேமராவின் அளவு எண்களை ஊகத்தில் எழுதி நிரப்புவதைத் தொழில்நுட்ப ஆய்வு என்று நினைக்கிறார்கள். கலைஞரே சொல்லியிருந்தாலொழிய எண்கள் வேண்டாம். படமே சொல்கிற விஷயங்கள் போதுமான அளவு இருக்கின்றன.

கேமரா எந்த உயரத்தில் இருந்தது? உட்கார்ந்திருப்பவரை நின்றபடி எடுத்தால் அவர் நமக்குக் கீழே போய்விடுவார். மண்டியிட்டு எடுத்தால் கண்ணுக்குக் கண் நேராக வரும். குப்பை பொறுக்குகிற ஒருவரை எந்த உயரத்திலிருந்து எடுத்தார்கள் என்பதில் பாதி அரசியல் முடிந்துவிடுகிறது.

எவ்வளவு தூரத்தில் இருந்தார்? வைடு லென்ஸோடு கிட்டே போனால் முன்னால் இருப்பது பெருத்து, பின்னால் இருப்பது சுருங்கி ஓடும். தூர நின்று டெலி லென்ஸில் எடுத்தால் முன்னும் பின்னும் ஒட்டிக்கொள்ளும். காசிமேட்டில் நூறு படகு ஒன்றின் மேல் ஒன்று அடுக்கினாற்போலத் தெரிகிற படங்களைப் பார்த்திருப்பீர்கள். அந்த நெரிசலில் பாதி உண்மையான நெரிசல், மீதி லென்ஸ் செய்த வேலை. இதைத் தெரிந்துகொண்டுதான் “நெருக்கடியான வாழ்க்கை” என்று எழுத வேண்டும்.

வெளிச்சம் எங்கிருந்து வருகிறது? நிழல் எந்தப் பக்கம், எவ்வளவு நீளம்? நம் கடல் கிழக்கே இருக்கிறது. கடலைப் பின்னணியாக வைத்த ஒரு காசிமேட்டுப் படத்தில் சூரியன் எதிரில் அடித்து ஆட்கள் கருப்பு உருவங்களாகத் தெரிந்தால், அது காலை நேரம். “அந்தி சாயும் வேளையில்” என்று யாராவது எழுதியிருந்தால் அவர் இந்தக் கரைக்கு வந்ததில்லை என்று அர்த்தம்.

எது கூர்மை, எது மங்கல்? ஐஸ் உடைப்பவரின் முகம் அசையாமல் தெளிவாக இருந்து கைகள் மட்டும் கலங்கியிருந்தால், ஷட்டர் கொஞ்சம் மெதுவாகத் திறந்து மூடியிருக்கிறது. அந்தக் கலங்கல்தான் வேலையின் வேகம்.

கடைசியாக, எந்த நொடி? இதற்கு ஆன்றி கார்த்தியே-பிரெசோன் 1932-இல் பாரிஸ் சான்-லசார் ரயில் நிலையத்துக்குப் பின்னால் எடுத்த படத்தைவிட நல்ல பாடம் கிடைக்காது. தேங்கிய தண்ணீரைத் தாண்டுகிற ஒருவர். குதிகால் தண்ணீரைத் தொடப்போகிறது, இன்னும் தொடவில்லை. பின்னால் சுவரில் ஒட்டிய சுவரொட்டியில் ஒரு நடனக்கலைஞரும் அதே மாதிரி தாவுகிறார். இரண்டு தாவல், தண்ணீரில் விழுந்த பிம்பத்தையும் சேர்த்தால் மூன்று.

இந்தப் படத்தில் நானே ஒரு தவறு செய்தேன். படிக்கிற காலத்தில், கார்த்தியே-பிரெசோன் எடுத்த படத்தைக் கிராப் செய்யவே (ஓரத்தை வெட்டவே) மாட்டார் என்று எங்கோ படித்துவிட்டு, அந்த ஒழுக்கத்தைப் புகழ்ந்து மூன்று பக்கம் எழுதினேன். சான்றாக வைத்தது இந்தப் படத்தை. அவர் கிராப் செய்த மிகச் சில படங்களில் ஒன்று இதுதான் என்று பிறகுதான் தெரிந்தது. வேலிப் பலகைகளின் இடைவெளியில் லென்ஸை வைத்து எடுத்ததால் ஓரத்தில் பலகை மறைத்திருந்தது, அதை வெட்டியிருந்தார். ஒரே ஒரு பேட்டியைத் தேடிப் படித்திருந்தால் அந்த மூன்று பக்கம் வேறு மாதிரி, இன்னும் சுவையாக வந்திருக்கும். பொது விதியைப் படித்தால், அது உங்கள் கையில் இருக்கிற படத்துக்கும் பொருந்துகிறதா என்று பாருங்கள்.

இனிமேல்தான் தேடல்

இப்போது படிக்கலாம். வரிசை முக்கியம். முதலில் படம் பாதுகாக்கப்படுகிற இடம், அடுத்து கலைஞரின் சொந்தச் சொற்கள், அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் எழுதியது. தலைகீழாகப் போனால் யாரோ ஒருவருடைய கருத்து உங்கள் கருத்தாகிவிடும்.

பாதுகாக்கப்படுகிற இடம் என்று நான் சொல்வது ஆவணக் காப்பகம், அருங்காட்சியகம், படக்காரர்களின் கூட்டமைப்பு போன்றவற்றின் தளங்களை. லேங்கின் படம் அமெரிக்க அரசின் திட்டத்துக்காக எடுக்கப்பட்டதால் அங்குள்ள லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தளத்தில் பெரிய அளவில் இலவசமாகக் கிடைக்கிறது. கார்த்தியே-பிரெசோன், ரகு ராய் படங்களுக்கு மேக்னம் என்ற படக்காரர் கூட்டமைப்பின் தளம். பழனி குமாரின் படக் கட்டுரைகளுக்கு, கிராமப்புற இந்தியாவைப் பதிவு செய்கிற பாரி (PARI) தளம், அங்கே தமிழிலேயே படிக்கலாம். எங்கிருந்து வந்தது என்று தெரியாத படம் கையில் இருந்தால் கூகுள் லென்ஸிலோ டின்ஐயிலோ போட்டுத் தேடி, மூலத்தைக் கண்டுபிடித்துவிட்டு எழுதுங்கள். இணையத்தில் சுற்றுகிற பிரதிகள் வெட்டப்பட்டிருக்கும், நிறம் மாறியிருக்கும், சில நேரம் இடம்வலம் திரும்பியே இருக்கும்.

நூலகத்துக்கும் போங்கள். புகைப்படப் புத்தகத்தில் பக்கத்தைப் புரட்டும்போது எந்தப் படத்துக்கு எதிரே எந்தப் படம் வைத்திருக்கிறார்கள் என்று தெரியும், திரையில் அது தெரியாது. திருவொற்றியூர்ப் பக்கமிருந்து வருபவர்கள் மெட்ரோவில் சென்ட்ரல் வந்து மாறினால் அடுத்த நிறுத்தம் எழும்பூர், அங்கிருந்து கன்னிமாரா நடக்கிற தூரம். கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம். பழைய தமிழ் இதழ்களில் படங்கள் எப்படி அச்சானது என்று பார்க்க வேண்டுமானால் தரமணியில் ரோஜா முத்தையா நூலகம். சென்னை போட்டோ பினாலே என்ற புகைப்படத் திருவிழா நடக்கும்போது கண்காட்சிகளைத் தவற விடாதீர்கள். 2016-இல் தொடங்கியது. பெரிய பிரிண்ட் முன்னால் நிற்பதற்கு ஈடு வேறில்லை.

தேடும்போது இந்தக் கேள்விகளுக்கு விடை வேண்டும்: எப்போது, எங்கே எடுத்தது? யார் காசு கொடுத்தார்கள்? முதலில் எங்கே வெளியானது, என்ன கேப்ஷனோடு? படத்தில் இருப்பவர் யார்? அதே நாளில் எடுத்த வேறு படங்கள் உண்டா? படம் வந்த பிறகு என்ன நடந்தது?

இதில் “யார் காசு கொடுத்தார்கள்” என்பதை மாணவர்கள் கேட்பதே இல்லை. எனக்கு இதுதான் முதல் கேள்வி. லேங்குக்குச் சம்பளம் கொடுத்தது அரசு. வறட்சியிலும் பொருளாதார வீழ்ச்சியிலும் வேலை தேடி அலைந்த விவசாயக் குடும்பங்களுக்கு உதவி தேவை என்று நாட்டுக்குக் காட்ட அரசுக்குப் படங்கள் தேவைப்பட்டன. அதைத் தெரிந்துகொண்டதும், எங்கள் பட்டியலில் வட்டம் போட்டிருந்த “எந்த ஊர் என்று அடையாளம் இல்லை” என்ற வரிக்கு அர்த்தம் வந்தது. அதே நாளில் தூரத்திலிருந்து எடுத்த படமும் இருக்கிறது. அதில் கூடாரம் முழுதாகத் தெரியும், பெரிய பெண் பிள்ளை ஒருத்தியும் இருப்பாள். பெயர் பெற்ற படத்தில் அதெல்லாம் போய் ஒரு தாயும் குழந்தைகளும் மட்டும் மிஞ்சுகிறார்கள். எந்த ஊர்த் தாயாகவும் இருக்கலாம் என்கிற மாதிரி.

அன்று எடுத்த படங்கள் செய்தித்தாளில் வந்ததும் அந்த முகாமுக்கு அரசு உணவு அனுப்பியது. ஆனால் அந்தக் குடும்பம் அதற்குள் கிளம்பிப் போயிருந்தது. லேங் அந்தத் தாயின் பெயரைக் கேட்டுக்கொள்ளவில்லை. நாற்பது ஆண்டுக்கு மேல் கழித்து, 1978-இல்தான் அவர் ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்று வெளியே தெரிந்தது. அவர் செரோக்கி பழங்குடி வழி வந்தவர். அந்தப் படத்தால் தனக்கு ஒரு பைசா வரவில்லை என்ற வருத்தம் அவருக்கு இருந்தது. சாப்பாட்டுக்காகக் காரின் டயரை விற்றார்கள் என்று லேங் குறித்து வைத்ததையும் குடும்பத்தார் மறுத்தார்கள்.

இதைப் படித்துவிட்டு எங்கள் மாடியில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. படம் பொய் என்று ஆகிவிடவில்லை. ஆனால் “தாய்மையின் மேன்மை” என்று இனி யாராலும் சும்மா எழுதிவிட முடியவில்லை.

ஏஐ செயலிகளைப் பற்றி ஒரு வார்த்தை. கேட்டால் மளமளவென்று பதில் வரும். கலைஞர் சொல்லாத மேற்கோளை அவர் சொன்னதாகத் தரும், ஆண்டை மாற்றும், இல்லாத நூலுக்குப் பக்க எண் கொடுக்கும். எங்கே தேடலாம் என்று கேட்கப் பயன்படுத்துங்கள். அது சொன்ன எதையும் மூலத்தில் பார்க்காமல் எழுதாதீர்கள்.

மூன்று நிறப் பேனா

குறிப்புகள் சேர்ந்ததும் மூன்று பேனா எடுங்கள். படத்தில் பார்த்தது நீலம். தேடித் தெரிந்துகொண்டது பச்சை. நீங்கள் நினைப்பது சிவப்பு. ஒவ்வொரு குறிப்பையும் அதன் நிறத்தில் திரும்ப எழுதுங்கள். பக்கம் முழுக்கச் சிவப்பாக இருந்தால் இன்னும் பார்க்கவில்லை, தேடவில்லை. சிவப்பே இல்லையென்றால் அது தகவல் அறிக்கை, ஆய்வு இல்லை. ஒவ்வொரு சிவப்பு வரிக்கும் பக்கத்தில் அதைத் தாங்குகிற நீலமும் பச்சையும் எதுவென்று எண் போடுங்கள்.

இந்த முறை எனக்குப் பிடித்துப்போனது ஒரு காசிமேட்டுப் படத்தால். விசைப்படகுகள் வரிசையாகக் கட்டிக் கிடக்கின்றன, ஆள் நடமாட்டம் குறைவு. ஒரு மாணவர் “அழிந்துவரும் மீன்பிடித் தொழிலின் தேக்கம்” என்று எழுதியிருந்தார். சிவப்பு. படம் எடுத்தது மே மாதம் என்று கேப்ஷனில் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த காசிமேட்டுத் தம்பி பார்த்த உடனே, “அண்ணே, இது தடைக்காலம். எங்க வீட்ல படகுக்குப் பெயின்ட் அடிக்கிறதே அப்பத்தான்” என்றான். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. பச்சை. திரும்பப் படத்தைப் பார்த்தோம். கீழ் ஓரத்தில், யாரும் கவனிக்காத இடத்தில், ஒரு பெயின்ட் டப்பாவும் சாய்த்து வைத்த ஏணியும் இருந்தன. நீலம். அந்தப் படம் அழிவைப் பற்றியதே இல்லை, அடுத்த பருவத்துக்குத் தயாராவதைப் பற்றியது.

பக்கத்தில் இன்னொரு படம்

ஒரு படத்தைத் தனியாகப் பார்த்தால் அதில் இருப்பதெல்லாம் இயல்பாகவே அப்படி அமைந்தது போலத் தோன்றும். பக்கத்தில் இன்னொன்றை வைத்தால்தான் ஒவ்வொன்றும் ஒரு தேர்வு என்று தெரியும்.

ஒப்பிட்டுப் பழக நான் கொடுப்பது போபால். 1984 டிசம்பர் 2-ஆம் தேதி இரவு யூனியன் கார்பைடு ஆலையிலிருந்து மீதைல் ஐசோசயனேட் என்ற நச்சு வாயு கசிந்தது. பெயர் தெரியாத ஒரு குழந்தையை மண்ணில் புதைக்கிறார்கள். அதை இரண்டு பேர் எடுத்தார்கள். ரகு ராய் கருப்பு-வெள்ளையில், பாப்லோ பார்த்தலோமியு கலரில். பார்த்தலோமியுவின் படம் அந்த ஆண்டின் சிறந்த பத்திரிகைப் படமாக வேர்ல்டு பிரஸ் போட்டோ என்ற அமைப்பால் தேர்ந்தெடுக்கப்பட்டது. ரகு ராயின் படம் போபாலுக்கு நீதி கேட்ட போராட்டங்களின் அடையாளமாகிப்போனது.

மணலி, எண்ணூர்ப் பிள்ளைகளுக்கு இந்தப் படங்கள் வரலாற்றுப் பாடம் அல்ல. ஆலைகள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றன. 2023 டிசம்பரில் எண்ணூரில் அம்மோனியா கசிந்த இரவு வீட்டை விட்டு ஓடிய குடும்பங்களிலிருந்து வந்தவர்கள் எங்கள் மாடியில் உண்டு. அதனால் மெதுவாகத்தான் பார்ப்போம். வேண்டாம் என்றால் பார்க்க வேண்டியதில்லை.

பார்ப்பவர்களுக்கு மூன்று கேள்விகள். நிறம் இல்லாதபோது மண்ணும் தோலும் எவ்வளவு நெருங்கி வருகின்றன? நிறம் இருக்கும்போது எது முதலில் கண்ணில் படுகிறது? எந்தப் படம் நேற்று நடந்ததுபோல் இருக்கிறது, எது என்றைக்கும் உள்ளதுபோல் இருக்கிறது? எது சிறந்தது என்ற கேள்வியைத் தொடவே வேண்டாம். எது என்ன செய்கிறது என்று மட்டும் எழுதுங்கள்.

யார், எங்கே நின்று எடுத்தார்

சென்னை மாகாணத்தில் 1876 முதல் 1878 வரை நடந்த பெரும் பஞ்சத்தை டபிள்யூ. டபிள்யூ. ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி படம் எடுத்தார். எலும்பும் தோலுமான மனிதர்களை ஸ்டுடியோக் குடும்பப் படம்போல் வரிசையாக உட்கார வைத்து எடுத்தவை. அந்தக் காலத்திலேயே அவர்மேல் விமர்சனம் எழுந்தது. நம் மண்ணில் துயரத்தைப் படம் எடுத்த கதை அங்கேயே கேள்வியோடுதான் தொடங்குகிறது.

செபஸ்தியோ சல்காடோ 1986-இல் பிரேசிலின் செர்ரா பெலாடா தங்கச் சுரங்கத்தை எடுத்தார். மண் மூட்டையோடு ஏணியில் ஏறுகிற பல்லாயிரம் பேர். பிரமிக்க வைக்கிற படங்கள். அதுதான் சிக்கல் என்று சொன்னவர்களும் உண்டு. சல்காடோவின் படங்களில் இருப்பவர்களுக்குக் கேப்ஷனில் பெயரில்லை, ஒவ்வொருவரும் ஒரு வகை மாதிரியாகிவிடுகிறார்கள் என்று அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொன்டாக் எழுதினார். இன்னொரு பக்கம், சல்காடோ பொருளாதாரம் படித்தவர், ஒரு தொடருக்காக ஆண்டுக்கணக்கில் அலைந்தவர். இரண்டையும் எழுதுங்கள். அப்புறம் உங்கள் சிவப்புப் பேனாவை எடுங்கள்.

பழனி குமார் மதுரைப் பக்கத்துக்காரர். அம்மா மீன் விற்றவர். துப்புரவுப் பணியில் சாகிற மனிதர்களின் குடும்பங்களைத் தொடர்ந்து படம் எடுத்தவர், கொசஸ்தலை ஆற்றில் இறங்கிக் கையால் இறால் பிடிக்கும் இருளர் பெண்களோடு தண்ணீரில் நின்று எடுத்தவர். அவருடைய கட்டுரைகளில் படத்தில் இருப்பவருக்குப் பெயர் இருக்கும், அவர் பேசுவதும் இருக்கும். சல்காடோவின் ஒரு படத்தையும் இவருடைய ஒரு படத்தையும் பக்கத்தில் வைத்து, உயரம், தூரம், பெயர் என்ற மூன்றை மட்டும் ஒப்பிட்டாலே ஒரு நல்ல செமினார் தாள் கிடைக்கும்.

ஊர்க்காரர் எடுத்தால் உண்மை, வெளியாள் எடுத்தால் பொய் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அது விரல் வைக்க இடமில்லாத வாக்கியம். தெரிந்த இடம் என்பதாலேயே கவனிக்காமல் விட்டதும் உண்டு. படத்துக்குப் படம் பார்த்துத்தான் சொல்ல முடியும்.

எழுத உட்காரும்போது

பிறந்த தேதியில் தொடங்காதீர்கள். படத்தில் தொடங்குங்கள். முதல் பத்தி, படத்தைப் பார்க்காத ஒருவருக்கும் படம் கண்முன் வருகிற மாதிரி இருக்க வேண்டும். நீலக் குறிப்புகள் இங்கே உதவும். இரண்டாம் பத்தியில் உங்கள் கருத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லுங்கள். மறுக்கக்கூடிய கருத்தாக இருக்கட்டும். “லேங் ஒரு சிறந்த கலைஞர்” என்பதை யாரும் மறுக்கமாட்டார்கள், அதனால் எழுதிப் பயனில்லை. “லேங் இடத்தை வெட்டியதால்தான் இந்தப் படம் உலகம் சுற்றியது, அதே வெட்டில்தான் அந்தப் பெண்ணின் பெயரும் போனது” என்பதை மறுக்கலாம். அதனால் நிரூபிக்க வேண்டியிருக்கிறது. கட்டுரை அங்கேதான் பிறக்கிறது.

அந்தத் தங்கை இரண்டாம் முறை எழுதிய பத்தி, அவள் அனுமதியோடு:

“படத்தில் நான்கு பேர் இருக்கிறார்கள், ஒருவர்கூட நம்மைப் பார்க்கவில்லை. குழந்தைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டிருப்பதால் அம்மாவின் முகம் ஒன்றுதான் நமக்குக் கிடைக்கிறது. அன்று எடுத்த வேறொரு படத்தில் கூடாரமும் மூத்த மகளும் தெரிகிறார்கள். அதைப் பார்த்தால் ஒரு குடும்பம் தங்கியிருக்கிற இடம் என்று புரிகிறது. இதில் இடமே இல்லை. உதவி கேட்க அரசுக்கு ஒரு முகம் தேவைப்பட்டது, லேங் அதைக் கொடுத்தார். அந்த முகத்துக்குப் பெயர் கிடைக்க 1978 வரை ஆனது.”

அலங்காரச் சொல் ஒன்றுகூட இல்லை. வலி என்ற சொல்லும் இல்லை. படிக்கிறவருக்கு வலிக்கிறது.

தமிழில் எழுதும்போது கலைச்சொல் குழப்பம் வரும். ஃபோகஸ், கிராப், லென்ஸ் என்று நாம் பேசுகிற சொற்களையே எழுதலாம். சட்டகம் என்று தொடங்கினால் கடைசி வரை சட்டகம், ஃப்ரேம் என்றால் கடைசி வரை ஃப்ரேம். கல்லூரி ஆங்கிலத்தில்தான் கேட்கிறது என்றாலும் முதல் வரைவைத் தமிழில் எழுதிவிடுங்கள். ஆங்கிலத்தில் நேராக எழுதும்போது தெரிந்த நாலு சொற்றொடர்தான் கைக்கு வருகிறது. தமிழில் எழுதும்போது கண்ணில் பட்டது வருகிறது.

“எனக்கு” என்று எழுதப் பயப்பட வேண்டாம். “எனக்கு இந்தப் படத்தைப் பார்த்ததும் எங்கள் ஆயா ஏலம் முடிந்து உட்காரும் விதம் நினைவுக்கு வந்தது” என்பது நல்ல வரி, எந்தக் கையும் எந்த முதுகும் நினைவூட்டியது என்று அடுத்த வரியில் காட்டினால்.

கொடுப்பதற்கு முன்

ஒவ்வொரு படத்துக்கும் கீழே கலைஞர் பெயர், படத்தின் பெயர், இடம், ஆண்டு, எங்கிருந்து எடுத்தீர்கள் என்பது இருக்க வேண்டும். ஒருவர் சொன்னதைச் சேர்த்தால் யார், எப்போது, எங்கே சொன்னார் என்பதும். பிறகு கட்டுரையைச் சத்தமாக வாசியுங்கள், பிரிண்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. ஒவ்வொரு வாக்கியம் முடியும்போதும் விரலைப் படத்திலோ குறிப்பிலோ வையுங்கள். விரல் அந்தரத்தில் நின்றால் அந்த வாக்கியத்தை அடியுங்கள்.

அந்தத் தங்கை மூன்றாம் வரைவோடு வந்தபோது நான் கேட்பதற்கு முன்னாலேயே விரலை வைத்துவிட்டாள். வலது கீழ் மூலையில், கூடாரக் கம்புக்குப் பக்கத்தில். அங்கே கம்பைப் பிடித்திருந்த ஒரு கட்டைவிரல் முதலில் இருந்தது. அது உறுத்தலாக இருக்கிறது என்று லேங் பிறகு நெகட்டிவில் அழிக்க வைத்தார். அப்படி அழித்தது, அரசின் அந்தப் படத் திட்டத்தின் தலைவர் ராய் ஸ்ட்ரைக்கருக்குப் பிடிக்கவில்லை. லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தளத்தில் அழிப்பதற்கு முன்பும் பின்பும் எடுத்த பிரதிகளைத் தேடி, இரண்டையும் பிரிண்ட் போட்டுக் கொண்டு வந்திருந்தாள்.

“முழுசா போகலக்கா. கிட்டப் பாருங்க, மங்கலா இன்னும் இருக்கு.”